வடக்குக் கயிறும் தெற்குக் கயிறும்

திருமேனிநாதன் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு மன அமைதியைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். எந்த மடத்திலும் நிலைகொள்ளாமல், கடைசியில் கொம்படிமுனைக் கடற்கரையில் இருந்த ஓலைக்கூரை மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அந்த மடத்தின் குரு செம்மனச்செல்வி அம்மா. திருமேனிநாதனுடைய மூத்த மகள் வயதுதான் இருக்கும். அவர் குருவை ‘அம்மா’ என்பார். குரு அவரை ‘ஐயா’ என்பார். இதில் யார் குரு, யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள். அவர்கள் இருவருக்கும் அந்தக் குழப்பம் இருந்ததில்லை.

மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாலும் திருமேனிநாதனின் முதுகு மட்டும் பழைய நாற்காலியை மறக்கவில்லை. எந்த நேரத்திலும் ‘அடுத்த வழக்கு’ என்று சொல்லிவிடுவார் போலிருக்கும். ஊர்க்காரர்கள் ஆசையாக அவரை ஜட்ஜய்யா என்றார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது, வெளியே சொல்லிக்கொள்ளமாட்டார்.

அன்று சாயங்காலம் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். திருமேனிநாதன் குடையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார். கழுத்தில் ஒரு விசில் தொங்கியது.

“அம்மா, ஒரு கேள்வி.”

“கேளுங்கய்யா.”

“நியாயம் கிடைச்ச பிறகும் மனுஷனுக்கு ஏன் மனசு ஆறமாட்டேங்குது?”

அம்மா கீரையில் பாதியை அவர் பக்கம் தள்ளினார்.

“ஆஞ்சுக்கிட்டே சொல்லுங்க. இன்னைக்கு என்ன பிராது?”

“காலையிலேருந்து பிராதுதாம்மா,” என்றார் திருமேனிநாதன். குரல் களைத்திருந்தது.

கொம்படிமுனையில் இரண்டு தெரு. இரண்டு தெருவுக்கும் பொதுவாக ஒரு கரைவலை. விடியற்காலையில் படகில் போய் அந்தப் பெரிய வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு வருவார்கள். அதன் இரண்டு முனையிலும் நீளக் கயிறு. ஒன்றை வடக்குத் தெரு இழுக்கும், மற்றதைத் தெற்குத் தெரு. நடுவில் இருக்கும் பைக்கு மடி என்று பெயர். மீனெல்லாம் அதில்தான் வந்து சேர வேண்டும். ஒரு கயிறு முந்தினாலும் சரி, ஒன்று தளர்ந்தாலும் சரி, வலை கோணிக்கொள்ளும். மீன் அடிவழியாகப் புகுந்து போய்விடும்.

அதனால் பாட்டுப் பாடித்தான் இழுப்பார்கள். தூரத்தில் இருக்கும்போது ஆளுக்கொரு பாட்டு. இரண்டு கயிறும் நெருங்கி, முகம் தெரிகிற தூரம் வந்துவிட்டால் பாட்டு மாறும். வடக்குக் கயிறு ஒரு கேள்வி பாடும். தெற்குக் கயிறு பதில் பாடும். அந்தப் பதிலில்தான் எல்லாரும் சேர்ந்து ஓர் இழுப்பு இழுப்பார்கள்.

வடக்கே கேள்வி பாடுகிறவன் நம்புராசன். தெற்கே பதில் பாடுகிறவன் களஞ்சியம். நம்புராசனின் தங்கையைத்தான் களஞ்சியம் கட்டியிருந்தான். மச்சானும் மச்சானும் நகமும் சதையும் போல இருந்தவர்கள்.

களஞ்சியத்தின் அப்பா சாத்தையா இறந்து, காரியம் முடிந்து, அவன் கயிற்றுக்குத் திரும்பி வந்த முதல் நாளில்தான் அது நடந்தது. மடி கரையை நெருங்குகிற நேரம். சாளை மீன் வலைக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. நம்புராசன் கேள்வியைப் பாடினான். தெற்கேயிருந்து பதில் வரவில்லை. வந்துவிடும் என்ற பழக்கத்தில் வடக்குக் கயிறு இழுத்தது. தெற்குக் கயிறு அப்படியே நின்றது. வலை கோணி, வந்த மீன் அவ்வளவும் போயிற்று.

நம்புராசனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “உங்கப்பன் இருந்திருந்தா இப்படி விட்டிருப்பாராடா?” என்று கத்தினான்.

எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆயிற்று. களஞ்சியம் கயிற்றைப் போட்டுவிட்டு நடந்துவிட்டான். அவன் பின்னாலேயே தெற்குத் தெருவும் நடந்தது.

வழக்கு ஜட்ஜய்யாவிடம் வந்தது. அவர் புன்னைமரத்தடியில் இரண்டு பேரையும் நிறுத்தி விசாரித்தார்.

“கேள்வி வந்தப்ப பதில் பாடினியா, இல்லையா?”

“பாடலைங்கய்யா,” என்றான் களஞ்சியம்.

“பதில் வராமலே இழுத்தியா, இல்லையா?”

“இழுத்தேங்கய்யா,” என்றான் நம்புராசன்.

“இறந்தவரைச் சொல்லிப் பேசினியா?”

“பேசினேன்.”

தவறு இரண்டு பக்கமும் சமம் என்று தீர்ப்பானது. இரண்டு பேரும் ஊர்முன்னால் மன்னிப்புக் கேட்டார்கள். வாய் மன்னிப்புக் கேட்டது, கண் வேறெங்கோ பார்த்தது.

அதோடு அவர் விடவில்லை. இனிமேல் இப்படி நடக்காமலிருக்க வழி செய்தார். மடி எங்கே வருகிறது என்று இரண்டு பக்கமும் பார்க்கும்படி அதன் மிதப்பில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார். பாட்டை நிறுத்தினார். பாட்டு என்றால் அதில் மனசு புகுந்துவிடுகிறது, மனசு புகுந்த இடத்தில் கயிறு தளர்ந்துவிடுகிறது என்பது அவர் கணிப்பு. ராமநாதபுரம் போய் ஒரு விசில் வாங்கி வந்தார். குடைபிடித்துக்கொண்டு நடுவில் நின்று அவர் ஊத, இரண்டு கயிறும் ஒன்றுபோல நகர்ந்தது.

உள்ளதைச் சொல்ல வேண்டும். வலை நேராகத்தான் வந்தது.

ஆனால் பாட்டு இருந்தவரை யாருக்கும் பக்கத்து ஆளின் கையைப் பார்க்க நேரமிருந்ததில்லை. இப்போது ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் நடுவில் சும்மா நிற்க வேண்டியிருந்தது. சும்மா நிற்கிறவன் கண் சும்மா இருக்குமா? அவன் கயிற்றைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறான், இழுக்கவில்லை என்று ஒரு பிராது. இவன் உப்புக்குச் சப்பாணியாக வந்து பங்குக்கு மட்டும் முன்னால் நிற்கிறான் என்று இன்னொன்று. திருமேனிநாதன் எல்லாவற்றையும் விசாரித்தார். எல்லாவற்றுக்கும் நியாயமான தீர்ப்பே சொன்னார். மறுநாள் இன்னும் அதிகமாக வந்தது.

“கடைசியில இன்னைக்கு வந்து சொல்லிட்டாங்கம்மா,” என்றார் அவர், கையில் இருந்த கீரைக்கொத்தைப் பார்த்தபடி. “நாளைக்கு ஒருநாள் இழுப்பாங்களாம். அதோட தெற்குத் தெரு கயித்தைத் தொடாதாம்.”

அம்மாவின் கை நின்றது.

“ஒரு தெரு மட்டும் அந்த வலையை இழுக்க முடியாதேய்யா.”

“முடியாது. வலை கொட்டகையில கிடந்து மக்கும். ரெண்டு தெருவும் அடுப்புக்கு வேற வழி பாக்கணும். அந்தப் பொண்ணு, களஞ்சியத்தோட சம்சாரம், அண்ணன் வீட்டுக்கு ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுபோக பயப்படுது. என்னை நம்பி வந்தாங்கம்மா. என் தீர்ப்புல எங்க ஓட்டைன்னு புரட்டிப் புரட்டிப் பாத்துட்டேன்.”

“நானும் பாத்தேங்கய்யா. ஓட்டையே இல்லை.”

இதைக் கேட்டு அவருக்கு நிம்மதி வரவில்லை. கண் கலங்கியது. அதை மறைக்கக் குனிந்து கீரை ஆய்ந்தார்.

“காலையில நானும் வாரேன்,” என்றார் அம்மா. பிறகு அவர் ஆய்ந்த கீரையைக் கிளறிப் பார்த்தார். “காம்பெல்லாம் இங்கிட்டுக் கிடக்கு. இலையெல்லாம் குப்பையில போட்டிருக்கீக.”

காலையில் வலை கடலில் இருந்தது. வடக்கே ஒரு கூட்டம், தெற்கே ஒரு கூட்டம். நடுவில் குடையும் விசிலுமாகத் திருமேனிநாதன். அம்மா வந்து கையை நீட்டினார்.

“அதைக் குடுங்க.”

அவர் விசிலைக் கழற்றிக் கொடுத்தார். அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

“அம்மா, வலை கோணிக்கும்.”

“கோணினா நேராக்கிக்கிடுவாக. அவுகளுக்குத் தெரியாததா? வாங்க.”

இருவரும் தெற்குக் கயிற்றுக்குப் போனார்கள். களஞ்சியம் தண்ணீரோரத்தில், முதல் ஆளாகக் கயிற்றைப் பிடித்து இழுத்தபடி பின்னால் நடந்துகொண்டிருந்தான். அம்மா அவனோடு சேர்ந்து நடந்தார். வீட்டு விஷயம் விசாரிப்பதுபோலத்தான் கேட்டார்.

“களஞ்சியம், அன்னைக்குப் பாட்டுல எந்த அடி வந்தப்ப உனக்குத் தொண்டை அடைச்சுச்சு?”

அவன் அம்மாவைப் பார்த்தான். இந்தக் கேள்வியை யாரும் அவனிடம் கேட்டிருக்கவில்லை.

“கரையில ஆரு நிக்கான்னு மச்சான் பாடுவாரும்மா.”

“அதுக்குப் பதில்?”

“எங்கப்பன் நிக்கான்.” அவன் அதைப் பாடவில்லை, சொன்னான். “அந்த அடிய எங்கப்பாதான் கட்டுனாக, அவுக இளவட்டமா கயித்துல நின்னப்ப. வயசாகி உக்காந்த பெறகு தினம் கரைக்கு வந்து நிப்பாக. நாங்க அந்த அடிய எடுத்தா துண்டைத் தூக்கி ஆட்டுவாக. அன்னைக்கு மச்சான் வழக்கம்போலக் கேட்டாரு. நான் திரும்பிப் பாத்தேன். ஆரும் நிக்கலை.”

கயிறு அவன் கையோடு ஊர்ந்துகொண்டிருந்தது.

“எனக்குச் சத்தம் வரலைம்மா. அவ்வளவுதான்.”

திருமேனிநாதன் அவன் அருகில் வந்தார்.

“இதை ஏம்ப்பா விசாரணையில சொல்லலை?”

“நீங்க பாடினியா இல்லையான்னு கேட்டீக. பாடலை. உள்ளதைச் சொன்னேங்கய்யா.”

அவன் குத்திக்காட்டவில்லை. அவர் மேல் அவனுக்கு மரியாதை குறையவும் இல்லை. அதனாலேயே அவருக்கு அதிக வெட்கமாக இருந்தது.

“ஐயா, இதை வடக்குக் கயித்துல போய்ச் சொல்லிட்டு வாங்க,” என்றார் அம்மா.

“நானா?”

“தீர்ப்புச் சொல்ல இல்லை. சேதி சொல்ல.”

நீதிமன்ற உத்தரவோடு எத்தனையோ அமீனாக்களை அனுப்பியவர், தானே அமீனாவாகப் போனதில்லை. அவர் களஞ்சியத்தைப் பார்த்தார்.

“சொல்லலாமாப்பா?”

அவன் தலையசைத்தான்.

குடையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நடந்தார். செருப்புக்குள் மணல் ஏறியது. கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்து, பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். நீதிபதி வெறுங்காலோடு கடற்கரையில் ஓடாத குறையாகப் போவதை இரண்டு தெருவும் பார்த்தது. விசில் இல்லாததால் இழுப்பு முன்னும் பின்னுமாக இருந்தது. சிவப்புத் துணி ஒரு பக்கமாக ஒதுங்கியது. பிறகு யாரோ குரல் கொடுக்க, மெல்ல நடுவுக்கு வந்தது.

நம்புராசனிடம் அவர் கேட்டதைக் கேட்டபடியே சொன்னார். தன் கருத்தாக ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. அது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

நம்புராசன் கயிற்றை இழுத்தபடியே பின்னால் நடந்து, கயிறு சுருளும் இடம்வரை போய், கயிற்றை விட்டுவிட்டு, மறுபடி தண்ணீரோரம் வந்து பிடித்தான். அவர் கூடவே போய்க் கூடவே வந்தார்.

“அந்தக் கேள்விய நாந்தானய்யா கேட்டேன்,” என்றான் அவன். “தினம் கேக்கறதுதானேன்னு வாயில வந்துருச்சு. மாமா நிக்கிற இடத்தை நானும் திரும்பிப் பாக்கலையே. பெறகு அவன்கிட்டயே அந்த வார்த்தையச் சொன்னேன் பாருங்க.” அவன் தோளால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அவனைத் தேற்ற வேண்டும் என்று திருமேனிநாதனுக்கு இருந்தது. தேற்றுவதற்கு அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

“வருத்தப்படாதே. பாட்டு மறுபடி இருக்கட்டும். அந்த ஒரு அடியை மட்டும் விட்டுடலாம். யாருக்கும் சங்கடமில்லை.”

“அது மாமாவோட அடிங்கய்யா. அதை எடுத்துட்டா அவுகளை எங்கிட்டுக் கொண்டுபோய் வைக்கிறது?”

திருமேனிநாதன் செருப்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“சும்மா நிக்காம பிடிங்க,” என்றான் நம்புராசன். கோபமாக அல்ல, வீட்டு ஆளிடம் சொல்வதுபோல. அவர் செருப்பை மணலில் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். ஈரக்கயிறு அத்தனை கனமாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

இரண்டு கயிறும் நெருங்கின. எதிர் ஆட்களின் முகம் தெரிந்தது. களஞ்சியம் தெரிந்தான். அவனுக்குச் சற்றுப் பின்னால், குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அம்மா நின்றார்.

அப்போது நம்புராசன் பாடினான்.

“கரையில ஆரு நிக்கா?”

கயிற்றில் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள்.  இவனுக்கென்ன பைத்தியமா, போயும்போயும் அதே அடியையா எடுப்பது என்று திருமேனிநாதன் நினைத்தார்.

தெற்கேயிருந்து பதில் இல்லை.

நம்புராசன் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான்.

“ஒருத்தரும் இழுக்காதீக. விடவும் விடாதீக. பிடிச்சு நில்லுங்க. அவன் சொல்லட்டும்.”

நின்றார்கள். இழுப்பதைவிட நிற்பதுதான் பாடாக இருந்தது. ஒவ்வோர் அலையும் திரும்பும்போது கயிற்றைத் தன் பக்கம் இழுத்தது. திருமேனிநாதனின் குதிகால் மணலுக்குள் புதைந்தது. உள்ளங்கை எரிந்தது. முன்னால் நின்றவனின் முதுகு நடுங்குவது கயிறு வழியாக அவர் கைக்கு வந்தது. இவன் இழுக்கிறானா, சும்மா பிடித்திருக்கிறானா என்று பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. விட்டுவிடக் கூடாது என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. அதுவும் நினைப்பாக இல்லை, வேண்டுதலாக இருந்தது.

தெற்குக் கயிறும் நின்றது. களஞ்சியம் தலையைக் குனிந்திருந்தான். பின்னாலிருந்தவர்கள் அவனை அவசரப்படுத்தவில்லை.

பிறகு அவன் திரும்பிக் கரையைப் பார்த்தான். அப்பா நிற்கிற இடத்தைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தான்.

“எங்கப்பன் நிக்கான்…”

பாட்டு என்று சொல்ல முடியாது. உடைந்து, இரண்டாகி, பாதியில் அழுகையாகி வந்தது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. இரண்டு கயிறும் ஒரே மூச்சில் நகர்ந்தது.

அடுத்த கேள்வியை நம்புராசனால் பாட முடியவில்லை. அவனுக்காகத் தெற்குத் தெரு காத்திருந்தது.

மடியில் பெரிதாக ஒன்றுமில்லை. கொஞ்சம் காரல், ஒரு கூடை நெத்திலி, நாலைந்து நண்டு. பங்கு வைத்தார்கள். யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. நம்புராசன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது களஞ்சியம் பக்கத்தில் போய் நின்றான்.

“மச்சான், ஈரத்தோட சுத்தாதீக. அழுகிப்போகும்.”

“நீ அந்தத் தலப்பைப் பிடி. காயப் போடுவோம்,” என்றான் நம்புராசன்.

தெற்குத் தெருவில் ஒருவர் கூடையைத் தலையில் வைத்தபடி, “நாளைக்கும் விடியத்தான?” என்று கேட்டார். “பெறகு எப்ப?” என்றது வடக்கேயிருந்து ஒரு குரல்.

மடத்துக்குத் திரும்பியதும் அம்மா தேங்காயெண்ணெய் கொண்டுவந்தார். திருமேனிநாதன் குழந்தைபோல இரண்டு கையையும் நீட்டினார். தோல் உரிந்திருந்தது.

“அம்மா, என் தீர்ப்பு தப்பா?”

“சரியான தீர்ப்பு. அந்தச் சிவப்புத் துணி இருக்கட்டும்னு நம்புராசன் சொன்னான். மடி வர்றது நல்லாத் தெரியுதாம்.”

“விசில்?”

“அது என்கிட்ட இருக்கட்டும். கீரைப்பாத்திக்கு ஆடு வருது.”

அவர் சிரித்தார். எண்ணெய் பட்ட இடம் எரிந்ததால் சிரிப்பு பாதியில் நின்றது. அம்மா அந்தக் கையை ஊதிவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார். கேட்காமலிருக்க அவரால் முடியவில்லை.

“ஒருவேளை அவன் பதிலே சொல்லாம நின்னிருந்தா? எதுக்கும் ஒரு வரம்பு உண்டில்லையாம்மா? எவ்வளவு நேரம் பிடிச்சு நிக்கிறது?”

அம்மா மற்றக் கையை எடுத்துக்கொண்டார்.

“நீங்க எவ்வளவு நேரம் பிடிச்சு நின்னீக?”

வக்கீல்களின் வாதத்தைக் கடிகாரம் வைத்துக் கேட்ட மனிதர் அவர். யோசித்துப் பார்த்தார். கைக்கடிகாரம் மணிக்கட்டிலேயேதான் இருந்தது.

“பாக்கலைம்மா.”

“அவ்வளவு நேரந்தான்யா.”